பூஸ்டைக் குறைத்தால் மைலேஜ் கூடுமா?

பெட்ரோல் டர்போ காரில் சீரான, மிதமான வேகத்தில் போகும்போது இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த்தொகுதி) பூஸ்டே (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) இருக்காது, வெற்றிடம்தான். அதனால் 18 பிஎஸ்ஐயை 10 ஆக இறக்கியதும் நெடுஞ்சாலை மைலேஜ் எகிறிவிடாது. மிச்சமாவது ஆக்சிலரேட்டரை அழுத்தும் நேரத்தில். அதிக பூஸ்டில் நாக்கிங்கைத் (கலவை தானாகப் பற்றி இன்ஜினைத் தட்டுவது) தடுக்க, காற்று-பெட்ரோல் விகிதத்தை 11:1 பக்கம், அதாவது பெட்ரோல் கூடுதலாக, வைத்திருப்பார்கள். சீரான ஓட்டத்தில் அது 14.7.

இறக்குவது எளிது. மேனுவல் பூஸ்ட் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டு, டர்போவின் கம்ப்ரசர் ஹவுசிங்கிலிருந்து வேஸ்ட்கேட் (புகையை டர்போவைச் சுற்றித் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) ஆக்சுவேட்டருக்கு ஹோஸை நேராக மாட்டுங்கள். ஸ்பிரிங் 7 பிஎஸ்ஐ என்றால் கிட்டத்தட்ட 7தான் அடிமட்டம். இரு முனையிலும் கிளாம்ப் கட்டாயம். அந்த ஹோஸ் கழன்றால் வேஸ்ட்கேட் திறக்காது, பூஸ்ட் கட்டுக்கடங்காமல் ஏறும், பிஸ்டன் போய்விடும்.

மேப்பைத் (இன்ஜின் கம்ப்யூட்டரில் உள்ள எரிபொருள், இக்னிஷன் அட்டவணை) தொடாவிட்டால் இது பாதி வேலைதான். சிலிண்டர் அழுத்தம் குறைந்திருப்பதால் இக்னிஷனை ஒன்றிரண்டு டிகிரி முன்னேற்றலாம், விகிதத்தை 12 பக்கம் கொண்டுவரலாம். நாக் சென்சாரையும் வைட்பேண்டையும் (காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் சென்சார்) பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

உண்மையில், மாடிஃபை செய்த பல கார்களில் பெட்ரோலைக் குடிப்பது வேறு: பெரிய இன்ஜெக்டருக்குத் தப்பாகக் கொடுத்த டெட் டைம் (இன்ஜெக்டர் திறக்க ஆகும் தாமதம்), வயதான ஆக்சிஜன் சென்சார், இன்டர்கூலர் பைப்பில் கசிவு. மேஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றை அளப்பது) உள்ள காரில் கசிவு இருந்தால், அளந்த காற்று பூஸ்டின்போது வெளியே ஓடும், கலவை ரிச் ஆகும் (பெட்ரோல் கூடிவிடும்). ஃபியூயல் ட்ரிம் (இன்ஜின் கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் எரிபொருள் திருத்தம்) 10 சதவீதத்தைத் தாண்டினால், பூஸ்டைத் தொடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.