டேட் தாண்டி ஏழு நாள்

"என்னத்தா, இன்னும் ஆகலையா?" தங்கச்சிமடத்துல எங்க தெருவே இதைக் கேட்டு முடிச்சிருச்சு. டாக்டர் குடுத்த பிரசவ டேட் தாண்டின மூணாம் நாள்ல இருந்து நான் வாசல் பக்கமே போகலை.

முதல்ல இந்த டேட் கதை. கடைசியா மாதவிடாய் வந்த முதல் நாள்ல இருந்து 280 நாள் எண்ணித்தான் தேதி போடுறாங்க. எனக்கு மாசாமாசம் ஒழுங்கா வராது. அந்தக் கணக்குப்படி ஜூன் 4. மூணு மாசத்துக்குள்ள எடுத்த முதல் ஸ்கேன்ல ஜூன் 12. டாக்டர் ஸ்கேன் தேதியைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஒன்பதாம் மாச ஸ்கேன்ல இன்னொரு தேதி வந்துச்சு. அது புள்ளையோட அளவை வச்சு வர்றது, அதைப் பார்த்துக் குழம்பாதன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. ஆனா அம்மாச்சி மனசுல 4ஆம் தேதிதான். வலி வரட்டும்னு குடிக்க விளக்கெண்ணெயோட வந்து நின்னாங்க. "வயித்தால போய் உடம்புல தண்ணி வத்திரும், குடுக்காதீங்க"ன்னு நர்ஸம்மா தடுத்தாங்க. அதுக்கு அம்மாச்சி ரெண்டு நாள் பேசலை.

13ஆம் தேதி ராத்திரி வலிச்சுது. சீரகத் தண்ணி குடிச்சு, முற்றத்துல நடந்தேன். அடங்கிருச்சு. சூட்டு வலி. நிஜ வலின்னா நடந்தாலும் படுத்தாலும் விடாது, விட்டு விட்டு நெருங்கி வரும்.

மீன்பிடித் தடைக்காலத்துலயே பிறந்திரும், கரையில இருப்பேன்னு வீட்டுக்காரர் நம்பியிருந்தார். ஜூன் 14ஓட தடை முடிஞ்சுது. கடன் இருக்கே, படகு ஏறிட்டார்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில வயித்தைச் சுத்தி ரெண்டு பெல்ட் கட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்தாங்க. அசையறப்பல்லாம் அமுக்கணும். இருபது நிமிஷம். வல்லத்துப் படகு மோட்டார் மாதிரி டுக்டுக்குன்னு ஓடுச்சு இதயம். திரையில 140, 145. 110ல இருந்து 160 வரைக்கும் சரியாம். முதல் பத்து நிமிஷம் அசையவே இல்லை, எனக்கு வேர்த்துப்போச்சு. தூங்குதுன்னு சொல்லி இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வச்சாங்க. உதைச்சுது! ஸ்கேன்ல பனிக்குட நீரும் பார்த்தாங்க. வீட்டுக்கு அனுப்பறப்ப ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாங்க: அசைவு குறைஞ்சாலோ, தண்ணி உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்கக் கூடாது, உடனே வரணும். அம்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரணும். பாம்பன் பாலத்துல வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுக்கிறவங்க நடுவுல மாட்டினா, 108ஏ ஊர்ந்துதான் போகும்.

19ஆம் தேதி, 41 வாரம் முடிஞ்சதும், அட்மிட் ஆகச் சொன்னாங்க. இதுக்கு மேல நஞ்சுக்கொடி தளர்ந்து போகலாம்னாங்க. கர்ப்பவாய் திறக்கலை. சாயங்காலம் அதை இளக்க ஜெல் வச்சாங்க. ஜெல் வச்சதும் பிறந்திரும்னு நினைச்சேன், அது தப்பு. ஆறு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை வச்சாங்க. விடியக்காலையில வலி வர டிரிப். தானா வர்ற வலி எப்படின்னு எனக்குத் தெரியாது, இந்த வலி மூச்சு விட நேரம் குடுக்கலை. பனிக்குடம் உடைஞ்சப்ப தண்ணி லேசாப் பச்சை. உள்ளேயே மலம் போயிருக்கு, நாள் தாண்டினா இப்படி ஆகிறது உண்டுன்னு சொல்லி, குழந்தை டாக்டரைப் பக்கத்துலயே நிக்க வச்சுக்கிட்டாங்க.

20ஆம் தேதி மதியம் பொண்ணு. 3.2 கிலோ, சுகப்பிரசவம். உள்ளங்கையெல்லாம் நாள் முழுக்கக் கடல்ல கிடந்த கை மாதிரி சுருங்கி, தோல் உரிஞ்சிருந்துச்சு. நகம் நீளமா, கன்னத்துல கீறலோட வந்தா. வீட்டுக்காரர் கரைக்கு வந்து ஃபோன் பார்த்தது மறுநாள்.

கையில துணியுறை மாட்டித்தான் ஊருக்குக் கூட்டிட்டு வந்தோம். பாலத்துல அப்பவும் வண்டியை நிறுத்தி ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க.