தனி அடுப்பு

கானாடுகாத்தானில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டைச் சுற்றிக்காட்டுவது என் வேலை. ஏழெட்டு ஆண்டுகளாக ஒரே பாட்டுத்தான்: தூண்கள் பர்மாத் தேக்கு, தரையில் ஆத்தங்குடிக் கல், சுவர்ப் பூச்சில் முட்டை வெள்ளைக்கரு. முட்டை என்றதும் வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்ப்பார்கள். நானும் அதற்காகவே சற்று நிறுத்துவேன்.

தொலைநிலைக் கல்வியில் தமிழ் எம்.ஏ. சேர்ந்தது, உள்ளதைச் சொன்னால், பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துக்காக. யாப்பில் தேறியதே பெரிது. ஆனால் தொல்காப்பிய அகத்திணையியலில், ‘முந்நீர் வழக்கம் மகடூஉவொடு இல்லை’ என்ற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். கடல் கடந்து போகிறவன் பெண்ணை உடன் கொண்டுபோகும் வழக்கம் இல்லையாம். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிற்கப் போனவர்களின் வீட்டைத்தான் தினமும் காலையில் திறக்கிறேன். மூன்று வருடக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள் என்று வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறேன். அந்த மூன்று வருடமும் இங்கே இருந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அடுத்தது குறுந்தொகை 135, பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடியது. ஆடவர்க்கு வினையே உயிர், மனையுறை மகளிர்க்கு ஆடவரே உயிர் என்பதோடு மேடைப் பேச்சாளர்கள் நின்றுவிடுகிறார்கள். பாட்டு நான்கு அடி. தலைவன் பிரிந்து போய்விடுவான் என்று அழும் தலைவியிடம், இதை நமக்குச் சொன்னவரே அவர்தானே, அழாதே, போகமாட்டார் என்கிறாள் தோழி. அவன் வார்த்தையை வைத்தே அவனை மடக்குகிறாள்.

வீட்டுக்கார ஆச்சிக்குப் படித்துக் காட்டினேன். வெற்றிலை இடிப்பதை நிறுத்தாமலே, “எங்கள் மாமியாருக்கு இந்தத் தோழி வாய்க்கவில்லை, தம்பி. பெட்டி முகப்புக்கு வந்துவிட்டால் பிறகு யார் பேச்சும் எடுபடாது” என்றார்.

இப்போது வந்தவர்களை வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், கொஞ்சம் உட்கார வைக்கிறேன். சுற்றிலும் உள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு உரியவை. வேறு வைத்த பிறகு, அதாவது மகனைத் தனிக் குடித்தனம் வைத்த பிறகு, ஒவ்வொரு மருமகளுக்கும் தனி அடுப்பு. ஒரே கூரைக்கடியில் தனித்தனியாக உலை கொதித்திருக்கிறது, சில அடுப்புகளில் கணவனுக்கான அரிசி இல்லாமலே. பின்கட்டுக்கு அழைத்துப் போய் அடுப்படியைக் காட்டுகிறேன். பாதிப் பேர் அதற்குள் படம் எடுக்கப் போய்விடுகிறார்கள்.

பத்து நிமிடம் கூடுதலாகிறது என்று மேலாளருக்குக் குறை. முட்டை வெள்ளைக்கருவை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். அது கட்டாயம் வேண்டுமாம்.