தேதிக்கு ஒரு விலை, தோரணத்துக்கு ஒரு விலை

ஒரே கப்பலில் கிறிஸ்துமஸ் வாரத்தில் ஒரு முறையும், வேறொரு வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு முறையும் எங்கள் குடும்பம் ஏழு இரவுப் பயணம் போய் வந்திருக்கிறது. இரண்டு முறையும் ஏழு பேர்: நானும் கணவரும், எங்கள் இரண்டு பிள்ளைகள், நாத்தனாரும் அவர் கணவரும், எழுபதைக் கடந்த என் மாமியார். பண்டிகைக் காலத்தில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு கப்பலில் போகலாமா, கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா என்று கேட்கும் தோழிகளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வந்ததைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம் என்பதே என் பதில். ஆனால் பண்டிகை நாளை விட்டுவிட்டு, அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாகப் போக வேண்டும்.

பண்டிகைக் காலப் பயணம் என்ற பெயரில் நமக்கு விற்கப்படுவது இரண்டு பொருள்கள் கொண்ட ஒரே பொட்டலம். அலங்காரமும் நிகழ்ச்சிகளும் ஒன்று, தேதி மற்றொன்று. டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில், பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் பண்டிகைக் காலப் பயணங்கள் செப்டம்பரிலேயே தொடங்கி அக்டோபர் இறுதிவரை நடக்கின்றன. கிறிஸ்துமஸ் காலப் பயணங்கள் நவம்பரிலேயே தொடங்கிவிடுகின்றன. கப்பலின் நடுக்கூடத்தில் மூன்று தள உயரத்துக்கு நிறுத்தப்படும் மரமும், மாடிப்படிக் கைப்பிடிகளில் சுற்றப்படும் பச்சைத் தோரணங்களும், மேல்தளத்தில் நுரையைப் பனியாகப் பொழியவைக்கும் கொண்டாட்டமும், சிவப்பு அங்கி அணிந்த தாத்தாவோடு படம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் டிசம்பர் 4ஆம் தேதி ஏறுகிறவருக்கும் கிடைக்கின்றன, 21ஆம் தேதி ஏறுகிறவருக்கும் கிடைக்கின்றன. 25ஆம் தேதி கடலில் இருக்கும் பயணத்துக்கென்று தனியாக இருப்பவை முந்தைய இரவின் பாடல் நிகழ்ச்சி, வழிபாடு, அன்று காலை குழந்தைகளுக்குக் கொடுக்கப்படும் சிறு பரிசு, இரவின் விருந்து ஆகியவை மட்டுமே. விலையோ தேதியைப் பார்த்துத்தான் ஏறுகிறது. பள்ளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் மூடப்படும் இரண்டு வாரங்களில் எல்லாக் குடும்பங்களும் ஒரே கப்பலைத் தேடினால் வேறென்ன நடக்கும்? எங்கள் இரண்டாவது பயணத்துக்கு ஆன கட்டணம், அதே வகைக் கேபின்களுக்கு முதல் பயணத்தில் கொடுத்ததில் பாதியைச் சற்றே தாண்டியது.

கட்டணக் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தில் காணும் தொகை ஓர் ஆளுக்கானது. அதுவும் ஒரு கேபினில் இருவர் தங்குவதாக வைத்துப் போடப்பட்டது. அதே கேபினில் சேரும் மூன்றாவது, நான்காவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைந்த கட்டணமே வாங்குவார்கள். குழந்தைகளுக்கு இலவசம் என்ற சலுகைகளும் இந்த இடங்களுக்குத்தான் வரும். ஆனால் அந்தச் சலுகைகளின் நிபந்தனைகளைக் கடைசி வரிவரை படித்தால், விடுமுறை வாரங்களுக்குப் பொருந்தாது என்று பெரும்பாலும் எழுதியிருக்கும். இதற்கு மேல் துறைமுக வரி உண்டு. ஊழியர்களுக்கான அன்பளிப்புத் தொகை தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று பெரும்பாலும் குழந்தைகளுக்கும் சேர்த்தே கணக்கில் ஏறும். வைஃபையும் கரையில் இறங்கிச் சுற்றிப் பார்க்கும் ஏற்பாடுகளும் தனி. ஆகவே இரண்டு தேதிகளை ஒப்பிடும்போது விளம்பரத் தொகையை விட்டுவிட்டு, எல்லோருடைய பெயரையும் வயதையும் கொடுத்துக் கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகையை ஒப்பிட வேண்டும்.

விலையைவிட எங்களை அதிகம் பாதித்தது கூட்டம். இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் கப்பலின் கொள்ளளவைச் சொல்வது இந்தத் தொழிலின் வழக்கம். 2024 ஜனவரியில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலுக்கு அந்தக் கணக்கில் 5,610 பயணிகள். கூடுதல் படுக்கைகளையும் நிரப்பினால் சுமார் 7,600 பயணிகள். ஏறத்தாழ 2,000 பேர் வித்தியாசம், அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மற்ற வாரங்களில் தம்பதியர் இருவராக வந்து தங்கும் கேபின்களில் விடுமுறை வாரங்களில் நான்கு பேர் தங்குகிறார்கள். கப்பல் அதேதான், நீச்சல் குளமும் அதேதான். ஆனால் குளத்தில் இறங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை வேறு. கேபினில் நான்கு படுக்கைகள் இருந்தும் நான்காவது ஆளைச் சேர்க்க முடியாது என்று சில சமயம் சொல்வதற்கும் இதுவே காரணம்: அந்தப் பகுதிக்கான உயிர்காப்புப் படகில் எத்தனை பேருக்கு இடமோ, அத்தனை பேருக்குத்தான் அங்கே கேபின் விற்கலாம்.

முதல் பயணத்தின் இரண்டாம் நாள் மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஐந்து வயதான என் சின்னவன், தானே தேர்ந்தெடுத்த சிவப்புச் சட்டையுடன் நடுக்கூடத்துப் படிக்கட்டில் வரிசையில் நின்றான். வரிசை படிக்கட்டில் ஏறி, மேல்தள நடைபாதையில் திரும்பி, மின்தூக்கிகள் வரை போய்விட்டது. ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தாத்தாவின் தொப்பி தெரியும் தூரத்துக்கு நாங்கள் வந்தபோது அவன் என் தோளில் தூங்கிவிட்டிருந்தான். எழுப்பி மடியில் உட்கார வைத்தோம், அழுதான், படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். மறுநாள், பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் மன்றத்தில் அவன் வயதுப் பிரிவு நிறைந்துவிட்டது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். டிசம்பர் முதல் வாரப் பயணத்திலோ அதே படிக்கட்டில் ஐந்தாறு குழந்தைகளே எங்களுக்கு முன்னால் நின்றார்கள். தாத்தா அவனுடைய பட்டியலை முழுவதும் கேட்டுவிட்டு, தங்கைக்கும் சேர்த்து ஏன் கேட்கவில்லை என்று விசாரித்தார். அவனுக்குத் தங்கை இல்லை, அக்காதான். அதை அவன் விளக்கிச் சொல்ல, அவர் அதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

வானிலையையும் தேதியோடு சேர்த்தே யோசிக்க வேண்டும். அட்லாண்டிக் சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. செப்டம்பர் அதன் உச்சம். எனவே கரீபியன் கடலில் ஹாலோவீன் காலப் பயணங்கள் மலிவாகக் கிடைப்பதில் வியப்பில்லை. புயல் வந்தால் கப்பல் வேறு திசையில் விலகிப் போய்விடும் என்பதால் உயிருக்கு அச்சம் கொள்ளத் தேவையில்லை. ஆனால் நாம் பார்க்க நினைத்த தீவுக்குப் பதிலாக வேறொரு துறைமுகத்தையோ வெறும் கடலையோ பார்த்துத் திரும்ப நேரலாம். டிசம்பரில் அந்தப் பருவம் முடிந்துவிடுகிறது என்றாலும், வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் சிறிய தீவுகளில் கப்பலைக் கட்டுவது கடினம். எங்கள் முதல் பயணத்தில், பிள்ளைகள் பல மாதங்களாக நாள் எண்ணிக் காத்திருந்த தீவு அப்படித்தான் காற்றினால் கைவிடப்பட்டது. திரும்பக் கிடைத்தது அந்தத் துறைமுகத்துக்குரிய வரி மட்டுமே. வழித்தடத்தை மாற்றும் உரிமை ஒப்பந்தத்திலேயே கப்பல் நிறுவனத்துக்கு இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பார்ப்பதற்காகவே போகிறவர்கள் இந்தப் பயணத்துக்குப் பணம் கட்டாமலிருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் போகலாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் என் மாமியார். குடும்பம் ஒன்றுகூடும் எந்தப் பண்டிகையிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்தவர்களுக்குப் படுக்கை, காலையில் காபி, மதியத்துக்கு என்ன, இரவுக்கு என்ன என்று நான்கு நாளும் நின்றுகொண்டே இருப்பார். நாங்கள் தடுத்தால் கோபித்துக்கொள்வார். கப்பலில் மூன்றாம் நாள் காலை உணவு மேசையில், தட்டை எடுத்துப்போக வந்த இளைஞரிடம் கொடுத்துவிட்டு என்னிடம் திரும்பி, "இன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று யோசிக்காமல் எழுந்திருக்கிறேன், கவனித்தாயா?" என்றார். "கவனித்தேன் அத்தை" என்றேன். அதன் பிறகு பேரப்பிள்ளைகளுடன் சீட்டாடப் போய்விட்டார். மூன்று தலைமுறைகள் பகல் முழுவதும் அவரவர் விருப்பப்படி பிரிந்திருந்து, இரவு உணவுக்கு ஒரே மேசையில் கூடுவதற்குக் கப்பலைவிட எளிதான இடம் எனக்குத் தெரியவில்லை. தங்கும் விடுதியில் இது நடக்காதா என்றால் நடக்கும். ஆனால் அங்கே யாராவது ஒருவர் வண்டி ஓட்ட வேண்டும், யாராவது ஒருவர் அடுத்த வேளைக்கு எங்கே போவது என்று முடிவெடுக்க வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவே இருப்பார்.

அலங்காரத்தில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது, கப்பல் செய்ததைவிட அவர்களே செய்ததுதான். கேபின் கதவுகள் எஃகால் ஆனவை, எனவே காந்தம் ஒட்டும். என் பெரியவள் வீட்டிலேயே கலைமான்களும் நட்சத்திரங்களும் வரைந்து வெட்டி, பின்பக்கம் காந்தத் துண்டுகளை ஒட்டி எடுத்து வந்திருந்தாள். எங்கள் மூன்று கேபின்களின் கதவுகளிலும் அவற்றை ஒட்டியதும், எதிர்க் கேபினில் இருந்த ஒரு சிறுமி ஒரு கலைமானைக் கடன் கேட்டாள். வார இறுதிக்குள் அந்த நடைபாதையில் பாதிக் கதவுகளில் ஏதாவது ஒன்று தொங்கியது. பசை நாடாவும் சர விளக்கும் எடுத்துப் போகாதீர்கள். தீ அபாயம் கருதிச் சர விளக்குகளையும் நீட்டிப்பு மின்கம்பிகளையும் பறிமுதல் செய்து வைத்துக்கொள்ளும் நிறுவனங்கள் பல.

சிலர் ஐரோப்பிய நதிகளில் ஓடும் கிறிஸ்துமஸ் சந்தைப் பயணங்களைப் பற்றிக் கேட்கிறார்கள். ரைன், டான்யூப் நதிகளில் நவம்பர் கடைசியிலிருந்து இந்தப் படகுகள் கொலோன், ஸ்ட்ராஸ்பர்க், வியன்னா போன்ற நகரங்களின் சந்தைகளுக்கு அழைத்துப் போகின்றன. நீர்மட்டத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் படகுகளைக் கடத்திவிடும் மதகுகளின் வழியே நுழைய வேண்டியிருப்பதால் இவை பெரும்பாலும் சுமார் 11.4 மீட்டர் அகலத்தைத் தாண்டுவதில்லை. 200 பேருக்கும் குறைவாகவே ஏற்றுகின்றன. கூட்டமில்லை, கடல்நோயும் இல்லை; ஆனால் பெரும்பாலானவற்றில் குழந்தைகள் மன்றமோ சறுக்குகளோ கிடையாது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுடன் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜெர்மனியின் சந்தைகள் பலவும் 23, 24ஆம் தேதிகளிலேயே மூடிவிடுவதால் இங்கும் முந்தைய வாரங்களே நல்லவை.

முன்பதிவுக்கு முன் சரிபார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பல கப்பல்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை, நீண்ட கடல் கடக்கும் பயணங்களுக்குப் பன்னிரண்டு மாதம் கேட்கின்றன. குழந்தைகள் மன்றம் பொதுவாக மூன்று வயதில் தொடங்குகிறது. டயபர் அணியும் குழந்தைகளைப் பொது நீச்சல் குளத்தில் இறங்க விடுவதில்லை. ஆட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் கேபின் எடுக்க வேண்டும். கப்பல் இன்னொரு நாட்டைத் தொட்டுத் திரும்பினால் புறப்பட்ட நாட்டுக்குள் ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா போதாமல் போகலாம். கப்பல் மருத்துவமனைக்குத் தனிக் கட்டணம் என்பதால் அவசர மருத்துவப் போக்குவரத்தையும் உள்ளடக்கிய காப்பீடு எடுங்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸுக்குக் கைச் சுத்திகரிப்பு ஜெல்லை நம்ப வேண்டாம், சோப்பும் தண்ணீரும்தான் வேலை செய்யும். டிசம்பரில் விமானங்கள் பனியால் தாமதமாவது வழக்கம். எனவே துறைமுக நகருக்கு ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் கவிழ்ந்தபோது அன்று ஏறியவர்களில் பலருக்குப் பாதுகாப்புப் பயிற்சி நடந்திருக்கவில்லை. இப்போது கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ அது கட்டாயம். பிள்ளைகளையும் அழைத்துப் போய் ஆபத்து நேரத்தில் அவர்கள் கூட வேண்டிய இடத்தை நேரில் காட்டுங்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் போனால் பிள்ளைகள் ஒரு வாரப் பள்ளியை இழக்கிறார்கள். ஆரம்ப வகுப்புகளில் நான் அதற்குத் தயங்கவில்லை. தேர்வு வைக்கும் வகுப்புக்கு வந்துவிட்ட பெரியவளுக்கு இனி அது இயலாது. அப்படிப்பட்ட குடும்பங்களும், வேலையில் கிறிஸ்துமஸ் வாரம் மட்டுமே விடுப்பு கிடைக்கும் குடும்பங்களும், பயணத் தேதிகள் வெளியிடப்பட்டவுடனேயே, அதாவது ஒரு வருடத்துக்கும் மேலாக முன்னதாகவே பதிவு செய்வது நல்லது. அந்த வாரக் கேபின்கள் கடைசி நேரத்தில் மலியும் என்று காத்திருப்பது பலிக்காது. முழுத் தொகையையும் செலுத்த வேண்டிய கடைசி நாளையும் கேட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைப் பயணங்களுக்கு அது பெரும்பாலும் மற்றவற்றைவிட முன்னதாக வரும்.

இரண்டு பயணங்களில் எதற்குத் திரும்பப் போகலாம் என்று சென்ற மாதம் வீட்டில் பேச்சு வந்தபோது, நான் விலையையும் கூட்டத்தையும் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியார் முதல் பயணத்தையே சொன்னார். 24ஆம் தேதி இரவு நடுக்கூடத்தில் ஊழியர்கள் சீருடையோடு படிக்கட்டில் வரிசையாக நின்று பாடினார்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா என்று பல நாட்டுப் பிள்ளைகள். ஆறு மாதம், ஒன்பது மாதம் என ஒப்பந்தத்தில் வீட்டைப் பிரிந்து வந்தவர்கள். எங்கள் மேசைக்கு உணவு கொண்டுவரும் இளைஞரும் அவர்களில் நின்றார். பாட்டு முடிந்ததும் மாமியார் அவரிடம் போய் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்தார்; மகளுக்கு இரண்டு வயது என்றும், பிறந்த பிறகு வந்த இரண்டு கிறிஸ்துமஸுக்கும் தான் கடலில்தான் இருந்ததாகவும் அவர் சொன்னார். "அந்தப் பையன் இப்போது வீட்டுக்குப் போயிருப்பானா?" என்று மாமியார் இன்றும் கேட்கிறார். அந்த இரவு டிசம்பர் முதல் வாரத்தில் கிடைக்காது. அவருக்காக 25ஆம் தேதியைத் தொடும் ஒரு நான்கு இரவுப் பயணத்துக்கு முன்பணம் கட்டியிருக்கிறோம். காந்தக் கலைமான்களைப் பெரியவள் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து வைத்திருக்கிறாள்.