வால்பாறைக் குளிரில் திறந்த மிளகு வாசம்

நேற்று ராத்திரிதான் வால்பாறையிலிருந்து இறங்கினோம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், செலவுக் கணக்கெல்லாம் கடைசியில்.

மெல்போர்னில் இருக்கிற பங்காளி லீவுக்கு வரும்போது ஷிராஸ் என்ற ரகத் திராட்சையில் செய்த ஒயின் ஒரு பாட்டில் கொண்டுவந்தான். விக்டோரியா மாநிலத்தில் கிராம்பியன்ஸ் மலைப்பக்கம் விளைந்த திராட்சை. "குளிர் ஊர் ரெட் ஒயின்டா, மிளகு வாசம் அடிக்கும் பாரு" என்று ஒரே பெருமை. பொள்ளாச்சியில் மாமா தோப்பில், உச்சி வெயிலில், பள்ளிபாளையம் சிக்கனோடு திறந்தோம். சகிக்கவில்லை. ஒயின் வெதுவெதுவென்று இருந்தது, வரமிளகாய்க் காரத்தோடு சேர்ந்து ஆல்கஹால் தொண்டையை எரித்தது, மிளகு எங்கேயும் காணோம். சிக்கன் மட்டும் பிரமாதம், சின்ன வெங்காயமும் தேங்காய்ச் சில்லும் எண்ணெயில் சுருண்டு கிடந்த அந்தச் சட்டியை நான்தான் வழித்தேன். பாட்டில் 32 ஆஸ்திரேலிய டாலராம், நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட 1,800 ரூபாய்! மனசு கேட்காமல் பாதி பாட்டிலைத் திருகி மூடி மலைக்கு எடுத்துக்கொண்டோம்.

வண்டிக்காரர் 2,800 பேசிவிட்டு ஆழியாறு தாண்டியதும் "40 கொண்டை ஊசி வளைவுங்க, சேர்த்துக் கொடுங்க" என்று இன்னொரு 500 கேட்டார். வளைவு என்ன நேற்று ராத்திரி முளைத்ததா? நடுமலையில் என்ன செய்வது, கொடுத்துத் தொலைத்தோம். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை.

சாயங்காலம் தங்கின வீட்டுத் திண்ணையில் நல்ல குளிர். பாட்டிலைத் தொட்டாலே சில்லென்று இருந்தது. டீ கிளாஸில் ஊற்றி மூக்கருகே கொண்டுபோனேன், அம்மியில் அப்போதுதான் நுணுக்கிய மிளகு! அதற்குப் பின்னால் நாவல்பழம், நாக்கோரத்தில் எச்சில் ஊறவைக்கும் புளிப்பு, லேசான துவர்ப்பு. அதே பாட்டில்தான், நம்பவே முடியவில்லை. வெயில் ஊர் ஷிராஸ் ஜாம் மாதிரி கனத்து இருக்கும், குளிரில் திராட்சை மெதுவாகப் பழுப்பதால் புளிப்பு தங்கிவிடுகிறது என்றான் பங்காளி. மிளகு வாசமும் வெறும் உவமை இல்லையாம். மிளகில் இருக்கிற ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் திராட்சைத் தோலிலும் இருக்கிறது, குளிரும் நிழலும் இருந்தால் கூடுகிறது. 2008இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. ஒரு லிட்டர் ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடுமாம். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசமே எட்டாது, எங்கள் கூட்டத்தில் அது மச்சான். பாவம், கடைசிவரை மோந்து மோந்து பார்த்தார்.

வீட்டுக்காரம்மா சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருந்த கொடியிலிருந்து ஒரு பச்சை மிளகுக் கொத்தைப் பறித்துக் கொடுத்தார். ஒரு மணியைக் கடித்துவிட்டு ஒரு வாய் குடித்தால் எது மிளகு எது ஒயின் என்றே பிரிக்க முடியவில்லை. அவர் செய்த மட்டன் மிளகு வறுவல்தான் இதற்குச் சரியான ஜோடி. வரமிளகாய்ச் சமையலோடு மட்டும் தயவுசெய்து திறக்காதீர்கள், வெயிலிலும் வேண்டாம்.

சரி, செலவு. வண்டி 3,300, ரூம் 2,200, மூன்று பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு 1,450. திரும்பும்போது பஸ்ஸில்தான் வந்தோம், அதுவே போதும். பங்காளி அடுத்த தடவை வரும்போது 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம், அதாவது இரண்டு பாட்டில். இரண்டும் இதுவேதான் என்று இப்போதே சொல்லிவிட்டேன், ஒன்றுக்குக் காசு நான் கொடுக்கிறேன்.