ஆச்சி என்னைக் காபி குடிக்க அனுப்பியது

செட்டிநாட்டுக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களுக்குத் துணையாகப் போவது சில காலம் என் வேலையாக இருந்தது. ஆள் பிடித்துக் கொடுப்பது, கேள்வியைத் தமிழில் கேட்பது, பிறகு பதிவைக் கேட்டு எழுதித் தருவது. இந்து சமயத்தை அதற்குள்ளேயே வாழ்கிறவர்தான் ஆராய வேண்டும் என்று ஒரு கட்சி, தள்ளி நிற்பவருக்குத்தான் தெளிவாகத் தெரியும் என்று இன்னொரு கட்சி. கருத்தரங்குகளில் இந்தச் சண்டை ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

சரி, நான் எந்தப் பக்கம்? காரைக்குடிக்காரன், ஆனால் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார், இல்லை. பிள்ளையார்பட்டி எனக்குச் சதுர்த்திக்குப் போகிற கோயில். நகரத்தாருக்கு அது ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்று. யார் பங்காளி, யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்பதெல்லாம் அந்தக் கோயில் கணக்கில்தான். பிள்ளையார்பட்டியாரும் இரணியூராரும் அண்ணன் தம்பி முறை, அதனால் கொள்வினை கொடுப்பினை கிடையாது. எங்கள் தெரு ஆச்சியை எனக்குச் சிறு வயதிலிருந்தே தெரியும். இது மட்டும் வெளிநாட்டு மாணவி ஒருவர் அவரிடம் கேட்டபோதுதான் தெரிந்தது. நான் கேட்டிருந்தால், "ஒனக்கு எதுக்குப்பா அதெல்லாம்?" என்றிருப்பார். அந்த ஆச்சியே பிறந்தது இளையாற்றங்குடிக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தில். கல்யாணமானதும் கணவர் கோயிலுக்கு மாறியவர். அவரை எவ்வளவு தூரம் 'உள்ளே' என்பது?

முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் படைப்பு பற்றி நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், பங்காளிகளின் மனத்தாங்கல் வந்ததும் என்னைப் பார்த்தார். "தம்பி, அடுப்படியில காபி இருக்கு, குடிச்சிட்டு வாயேன்." மாணவிக்குத் தமிழ் அரைகுறை; அவர் கேட்டால் பாதகமில்லை, நான் கேட்டால் ஊருக்குப் போய்விடும். பதிவை எழுதப்போவது நான்தான் என்பது ஆச்சிக்குத் தெரியாது. அந்த இடத்தில் பதிவை நிறுத்தி, மாணவியிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வெளியிலிருந்து வருகிறவர்களும் ஒரே மாதிரி இல்லை. நகரத்தாரைப் பற்றி 1994இல் நூல் வெளியிட்ட அமெரிக்கர் டேவிட் ரட்னர் வட்டித்தொழிலையும் கோயில் கொடைகளையும் சேர்த்துப் பார்த்தார்; 1998இல் ஜப்பானியரான யூகோ நிஷிமுரா எழுதியது பெண்களையும் சொத்துரிமையையும் பற்றி. அதற்கும் முன்பே, 1909இல், தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வருகிறார்கள். அவருக்கு உதவியவர் கே. ரங்காச்சாரி. என் கவனம் அவர் மேல்தான் போகிறது, தொழில் பாசம்.

இப்போது இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளிடம், பதிலை எழுதும்போது கூட யார் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் எழுதச் சொல்கிறேன். தங்கள் பெயரையும் சேர்த்துத்தான்.