வள்ளி விரட்டிய கிளிகள்

ஆனி மாதக் கடைசி செவ்வாய்க்கிழமை. வள்ளிமலைக்குப் போகலாம் என்று அத்தை சொன்னதும் பையில் படம் வரைகிற நோட்டையும் இரண்டு பென்சிலையும் போட்டுக்கொண்டேன். கிளம்புவதற்கு முன் வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரை ஒரு நடை பார்த்துவிட்டுப் போவது அத்தையின் வழக்கம். எனக்கும் அங்கே ஒரு வேலை பாக்கி இருந்தது.

கல்யாண மண்டபத்தில் எல்லோரும் யாளியையும் குதிரை வீரர்களையும்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது விதானத்தை. நடுவில் ஒரு பெரிய பூ, அதைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். மூன்று முறை வரைந்தும் எனக்கு அவை வௌவால் மாதிரியே வந்தன. அந்தக் கோயிலில் நெடுங்காலம் பூஜையே இல்லை. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல்தான் மறுபடி கொண்டுவந்து வைத்தார்கள். சாமி இல்லாத அத்தனை வருடமும் அந்தக் கிளிகள் மட்டும் பிடியை விடாமல் தொங்கியிருக்கின்றன.

“சாமி கும்பிட வந்தியா, படம் போட வந்தியா?” என்றார் அத்தை. கழுத்து வலித்தது. சரி என்று நோட்டை மூடினேன்.

காட்பாடி வழியாக வள்ளிமலை சுமார் 25 கிலோமீட்டர். அடிவாரத்தில் தேங்காய், பூ வாங்கிக்கொண்டு படியேறினோம். வாழைப்பழத்தைக் குரங்கு வாங்கிக்கொண்டது, அதுவும் மூன்றாவது திருப்பத்திலேயே. பாறையைத் தொட்டால் கை சுடுகிற வெயில். அத்தைக்கு மூச்சு வாங்கவே, வழியில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம்.

மரத்தில் ஒரே கீச்சொலி. வேப்பம்பழம் பழுத்திருந்தது. பச்சைக்குள் பச்சையாக இருந்ததால் முதலில் ஒரு கிளிகூடத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்த பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணுக்குச் சிக்கின. நுனிக்கொம்பில் இருக்கிற பழத்துக்கு ஒரு கிளி அப்படியே தலைகீழாகச் சாய்ந்தது. இரண்டு விரல் முன்னால், இரண்டு பின்னால் என்று கொம்பைக் கவ்விய பிடி, விரிந்த வால், மேல்நோக்கி வளைந்த கழுத்து. கோட்டை விதானம்!

அந்தச் சிற்பி அலங்காரத்துக்காகக் கிளியைத் தலைகீழாக்கினார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இல்லை. இதே மாதிரி ஏதோ ஒரு மரத்தடியில் கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்கிறார். நான் கல்லைப் பார்த்து வரைந்தேன், அவர் கிளியைப் பார்த்துச் செதுக்கினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

மேலே பாறையைக் குடைந்த சன்னதியில் முருகனைக் கும்பிட்டோம். அப்புறம் வள்ளி. இந்த மலையில்தான் வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் குழந்தையாகக் கிடைத்தாள், நம்பிராஜன் மகளாக வளர்ந்தாள், பரண்மேல் நின்று தினைப்புனம் காத்தாள் என்பது கதை. சன்னதியிலும் காவல்காரியாகவே நிற்கிறாள், கையில் உண்டிவில்லும் கவண்கல்லும். தெய்வத்தின் கையில் வேலும் சூலமும் பார்த்துப் பழகிய எனக்கு, கிளி விரட்டுகிற கருவியைப் பார்த்ததும் என்னவோ செய்தது. நாள் முழுக்க வயலைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. பார்த்துக்கொண்டே இருந்தவளைத் தேடித்தான் அவன் வேடனாகவும் கிழவனாகவும் வந்தான்.

கண்ணை மூடிக் கும்பிட வரவில்லை எனக்கு. திறந்தபடியே நின்றேன்.

சமணச் சிற்பங்கள் இருக்கும் குகைப் பக்கம் போக நேரமில்லை. அதற்கு இன்னொரு நாள் தனியாக வர வேண்டும். இறங்கும்போது அதே வேப்பமரத்தடியில் மறுபடி உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.

“அவ கல்லெறிஞ்சு வெரட்டுனா, நீ உக்கார வச்சுப் படம் போடுறியா?” என்று சிரித்த அத்தை, நோட்டை வாங்கிப் பின்னால் புரட்டினார். காலையில் வரைந்த பக்கத்தில் விரலை வைத்தார்.

“இன்னாடா இது, கோட்டைக் கிளிக்குக் காலே காணோம்?”