பீடம் திரும்பியது, தேர் திரும்பவில்லை

எங்கள் கத்தோலிக்க மறைமாவட்டத்தின் (ஓர் ஆயரின் கீழுள்ள பகுதி) அன்பியப் பணிக்குழுவில் நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். நான் கன்னியாஸ்திரி இல்லை, துறவறம் ஏற்காத பொதுநிலையினர். ஒரு பங்கை, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரத்தை, 25, 30 குடும்பங்கள் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிப்போம். அந்தக் குழுதான் அன்பியம். ஒவ்வொரு குழுவும் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடும். விவிலியம் வாசித்து, தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிட்டது என்று பேசி, முடிந்ததைச் செய்யும். அதற்கு ஆள் தேடுவது, அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, நோட்டுகளைப் பார்ப்பது என் வேலை. வகுப்பு எடுப்பதால் போகிற ஊரிலெல்லாம் நான் 'டீச்சர்'.

ரோமில் முடிவாகும் ஒரு மாற்றம், பங்குக்கு உட்பட்ட ஒரு கிளைக்கிராமத்துக் கோவிலுக்கு வந்து சேரும்போது என்ன ஆகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க இந்த வேலை இடம் கொடுத்தது. வழிபாட்டுக்குள் வரும் மாற்றத்தை நம் மக்கள் சீக்கிரம் ஏற்றுக்கொள்கிறார்கள். ஊர் மரியாதையைப் பங்குபோட வேண்டிய மாற்றம் என்றால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

பெரியவர்களிடம் பழைய பூசையைப் பற்றிக் கேட்பது எனக்குப் பிடித்த வேலை. சாமியார் மக்களுக்கு முதுகு காட்டி நின்று இலத்தீனில் சொல்லிக்கொண்டிருப்பார். மக்கள் தங்கள் பாட்டுக்குச் செபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள். மணி அடித்தால் தலை குனிய வேண்டும். நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்குவதற்கு முந்தின நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. விடியலில் களத்துக்குப் போகிற பெண்ணுக்கு இது என்ன பாடாக இருந்திருக்கும்! 1957-இல் அது 3 மணி நேரமாகி, 1964-இல் 1 மணி நேரமாகக் குறைந்தது. இதற்கிடையில் 1963 டிசம்பரில், உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டு, தாய்மொழிக்கு வழிவிட்டது. சில ஆண்டுகளில் பீடம் மக்களைப் பார்த்துத் திரும்பிவிட்டது. நான் பார்த்த மறைக்கல்வி சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஓர் உபதேசியார் அந்த நாளைச் சொல்லும்போது கண் கலங்கினார். "அதுவரைக்கும் பூசை பாத்தோம் டீச்சர். அன்னைக்குத்தான் சாமியாரு கேக்க, நாங்க பதில் சொன்னோம்" என்றார். இலத்தீன் போனதற்காக அழுதவர்களும் உண்டு. பழைய சுரூபங்களை, அதாவது புனிதர் சிலைகளை, சாமியார் இறக்கி வைத்துவிட்டார் என்று இன்றும் கோபம் ஆறாதவர்கள் உண்டு. ஆனாலும் மொத்தத்தில் தமிழ்ப் பூசை ஒரு தலைமுறைகூடக் காத்திருக்காமல் நம்முடையதாகிவிட்டது. 1995-இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு வந்தபின், பைபிள் என்றால் பிராட்டஸ்டண்ட் வீட்டுச் சாமான் என்று நினைத்திருந்த குடும்பங்களும் அதை வாங்கி மாதா படத்துக்குக் கீழே வைத்தன.

பண்பாட்டுமயமாக்கல், அதாவது நம் பண்பாட்டை வழிபாட்டுக்குள் சேர்ப்பது, கொஞ்சம் சிக்கலானது. பெங்களூரில் அமலோர்பவதாஸ் அடிகளார் 1967-இல் தொடங்கிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டுத் தேசிய நிலையமும், 1969-இல் ரோம் ஒப்புதல் கொடுத்த 12 அம்சங்களும் வழிபாட்டுக்குள் குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்வது, கைகூப்புவது எல்லாவற்றையும் கொண்டுவந்தன. நகரங்களில் இது இந்துமயமாக்கல் என்று சண்டையே நடந்தது. எங்கள் கிராமங்களில் விளக்கும் ஆரத்தியும் யாரையும் திடுக்கிட வைக்கவில்லை; பிள்ளைக்கு ஆலம் சுற்றுகிற கைகள்தானே. எங்கள் தலித் தெருக்களில் கேட்டது வேறு கேள்வி: நம் பண்பாடு என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தீர்களே, அது யாருடைய பண்பாடு? அப்புறம்தான் பறை கோவிலுக்குள் வந்தது. அதிலும் ஒரே தெருவில் இரண்டு கருத்து. சாவு வீட்டில் கூலிக்கு அடிக்க வைத்த கருவி, அதை நான் தொடவே மாட்டேன் என்று படித்த பையன் ஒருவன் சொன்னான். பீடத்துக்கு முன்னால் அடித்தால்தான் அந்த அவமானம் போகும் என்றான் அவனுடைய அண்ணன். இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே பட்டது.

அன்பியம் இந்த வரிசையில் வந்த மாற்றம்தான். மக்களே திருச்சபை என்று சங்கம் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடு. திட்டம் நல்ல திட்டம். ஆனால் பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சேர்த்து அன்பியம் அமையுங்கள் என்று சுற்றறிக்கை சொல்கிறது. நம் ஊரில் பக்கத்து வீடு என்றால் சொந்தச் சாதி. தெருவாரியாகப் பிரித்தால் ஒவ்வொரு அன்பியமும் ஒரு சாதிக் கூட்டமாகவே அமைந்துவிடும். புனித அந்தோனியார் அன்பியம், குழந்தை தெரசா அன்பியம் என்று பெயர்கள் அழகாக இருக்கும். குடும்பப் பட்டியலை விரித்தால் ஊர்த்தெரு தனி, காலனி தனி.

ஒரு கிளைக்கிராமத்தில் இதை மாற்றிப் பார்க்கலாம் என்று பங்குத்தந்தை துணிந்தார். இரண்டு தெருக்களிலிருந்தும் பாதிப் பாதி எடுத்துக் கலந்தோம். முதல் கூட்டம் ஊர்த்தெருவில், வசதியான ஒரு வீட்டில். எல்லாருக்கும் காகிதக் கப்பில் தேநீர் வந்தது. அடுக்களையில் எவர்சில்வர் டம்ளர்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்ததை உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. யாருக்கு எந்த டம்ளர் என்ற பேச்சே வராமல் இருக்க, அந்த வீட்டு அம்மா அன்று காலையில் கடைக்கு ஆள் அனுப்பிக் கப் வாங்கியிருந்தார். அடுத்த மாதம் கூட்டம் காலனியில். ஊர்த்தெருவிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்தார்கள், வாசித்தார்கள், செபித்தார்கள். தேநீர் வந்ததும் ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வயிறு சரியில்லை, ஒருவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்தாராம். கப் வாங்க ஆள் அனுப்பிய அதே அம்மா மட்டும் டம்ளரைக் கையில் வாங்கி, ஆற்றி, முழுவதும் குடித்தார். ஒன்றும் பேசவில்லை. அவரை யாரும் அன்று பாராட்டவும் இல்லை, ஏசவும் இல்லை. ஆனால் சில மாதங்களில் காலனி வீடுகளில் தேநீர் குடிக்கும் பெண்களின் எண்ணிக்கை கூடியது. ஆண்கள் அந்தக் கூட்டத்துக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இது நல்லதா கெட்டதா என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் இல்லாத கூட்டங்களில் பேச்சு நன்றாக நடந்தது என்பது மட்டும் உண்மை.

பெண்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். நான் பார்த்த பங்குகளில் அன்பியப் பொறுப்பாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். கூட்டம் கூட்டுவது, நோயாளி வீட்டுக்குப் போவது, காணிக்கை சேர்ப்பது எல்லாம் அவர்கள். திருவிழாக் கமிட்டி மட்டும் ஆண்கள். 1994-இல் பீடத்தில் உதவி செய்யச் சிறுமிகளுக்கும் அனுமதி கிடைத்தது. ஊர்கள் பெரிதாக முணுமுணுக்கவில்லை. பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் விதியை மாற்றினார். இதுதான் எங்கள் பக்கம் சிக்கியது. காரணம், பாதம் கழுவப்படுபவர்கள் உட்காரும் அந்த 12 நாற்காலிகள் பல ஊர்களில் குடும்ப மரியாதை. அப்பா உட்கார்ந்த நாற்காலியில் மகன் உட்காருவார். ஒரு பங்கில் சாமியார் நாலு பெண்கள் பெயரைச் சேர்த்ததும், ஆண்களில் சிலர் வரமாட்டோம் என்று ஒதுங்கிவிட்டார்கள். கடைசியில் பெண்கள் நாற்காலி கூடியதுதான் மிச்சம். அதில் ஒருவர் வயதான கைம்பெண், நடவு வேலைக்குப் போகிறவர். குதிகால் வெடிப்பு தெரியாமல் இருக்கப் பாதத்தைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டே இருந்தார். சாமியார் குனிந்து, தண்ணீர் ஊற்றி, அந்த வெடிப்பின் மேல் முத்தி செய்தார். "எங்கப்பன் செத்ததுக்கு அப்பறம் என் கால யாரும் தொட்டதில்ல" என்று பூசை முடிந்து சொன்னார். விதியை எழுதியவர்களுக்கு இந்தப் பேச்சு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, கதவு சாத்தப்படும் இடங்களுக்கு வருகிறேன். தேர்ப்பாதை, கல்லறை, திருவிழா வரி: இந்த மூன்றும்தான். இது புதிய கதையும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடார் முதலிய மற்றவர்களுக்கு ஒரு பக்கம், நடுவில் தடுப்பு என்று கோவிலையே கட்டினார்கள். அங்கே பணியாற்றிய இயேசு சபைக் குரு கௌசானல் அடிகளார் 1910-இல் அந்தத் தடுப்பை இடித்தார். வழக்குப் போட்டவர்கள் தோற்றார்கள். சங்கம் கூடுவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இது நடந்துவிட்டது. ஆனால் திருச்சி மேலப்புதூர் கல்லறையில் செத்தவர்களைப் பிரிக்கும் சுவர் எத்தனையோ போராட்டங்களைப் பார்த்தது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஏறையூரில் தலித் கத்தோலிக்கர் சம மரியாதை கேட்டார்கள், அது கிடைக்காமல் தனிப்பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அது கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. ஒரே மாதாவைக் கும்பிடுகிறவர்கள்.

அரசு பக்கம் இன்னொரு அடி. 1950 ஆகஸ்ட் 10 குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவத் தலித்துகள் இன்றும் வெளியே. கிறிஸ்தவரானால் தீண்டாமை இல்லை என்று சட்டம் சொல்கிறது, தேர் வராத தெருவில் இருப்பவரிடம் போய்ச் சொல்கிறது! 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவையே தன் தலித் மேம்பாட்டுக் கொள்கையில், நாட்டின் 1.9 கோடிக் கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்றும், திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்றும், அது பாவம் என்றும் ஒப்புக்கொண்டது. அந்த ஆவணத்தைப் பயிற்சிகளில் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஊர்த்தெருக்காரர்கள் தலையாட்டுவார்கள். காலனிக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

2021 அக்டோபரில், திருச்சபையில் எல்லாரும் சேர்ந்து நடப்பது பற்றிப் பேசக் கூட்டிய கூட்டொருங்கியக்க மாமன்றத்துக்காக மறைமாவட்டங்களில் கருத்துக் கேட்கச் சொன்னார் போப் பிரான்சிஸ். எங்கள் பங்குகளிலிருந்து வந்த பதில்களைத் தொகுக்கிற வேலை எங்கள் குழுவுக்கு. கொரோனா பயம் முழுக்கப் போகாத நேரம். முகக்கவசத்தோடு உட்கார்ந்து பேசினார்கள். பாதிக்கு மேல் பதில்கள் ஒரே மாதிரி, யாரோ எழுதியதைப் பார்த்து எழுதியவை. நம்மோடு சேர்ந்து நடப்பவர்கள் யார், விடுபட்டவர்கள் யார் என்று ஒரு கேள்வி உண்டு. அதற்கு ஒரு காலனி அன்பியம் நோட்டில் ஒரே வரி எழுதியிருந்தது: "முதலில் தேர் எங்கள் தெரு வழியாக நடக்கட்டும்." கையெழுத்து நடுங்கி, எழுத்துப்பிழையோடு இருந்தது. கீழே எல்லாக் குடும்பத்தாரும் கையெழுத்து, சிலர் கைநாட்டு.

தொகுப்புக் கூட்டத்தில் இதைச் 'சில இடங்களில் பாகுபாடு நிலவுகிறது' என்று சுருக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எழுதியபடியே போக வேண்டும் என்று வாதாடினேன். என் மேலதிகாரியாக இருந்த குருவும் என் பக்கம் நின்றார். கடைசியில் ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு வாக்கியத்தை விட்டார்கள். அந்த மக்களுக்கு இதைப் போய்ச் சொன்னபோது, பெயரை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டார்கள். ஊருக்குப் பிரச்சினை வரும் என்று பயப்படுகிறார்கள் என்றேன். "பிரச்சினை ஏற்கெனவே எங்ககிட்டதான டீச்சர் இருக்கு" என்றார் ஒரு பாட்டி.

இப்போது புதிதாகப் பொறுப்பேற்கும் இளம் குருக்கள் எங்கே தொடங்குவது என்று கேட்டால், தேரில் தொடங்காதீர்கள் சாமி, வரி நோட்டில் தொடங்குங்கள் என்றுதான் சொல்கிறேன். தேர் எப்போதும் கூட்டத்துக்கு நடுவில் வரும். அங்கே அரிவாள் வரும், போலீஸ் வரும், ஆர்.டி.ஓ. கூட்டம் வரும். வரி நோட்டு மேசை மேல் கிடப்பது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரியை யாரிடம் வாங்குகிறோமோ அவர்கள்தான் திருவிழாவில் பங்காளி. காலனிக்காரர்கள் கொடுத்தாலும் சில ஊர்களில் வாங்க மாட்டார்கள், அதைக் காணிக்கையாகப் போடு என்பார்கள். வாங்கினால் உரிமை வந்துவிடுமே! கைம்பெண் வீட்டுக்கு அரை வரி, அதனால் பேச்சும் அரைப் பேச்சு. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் என்று 1983-இன் திருச்சபைச் சட்டம் சொல்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, திருவிழாக் கணக்கை அந்தக் குழுவுக்குள் கொண்டுவரப் பங்குத்தந்தையால் முடியும்.

இப்படிச் செய்த ஒரு பங்கு இருக்கிறது. அங்கே வரியைத் தலைக்கட்டு வாரியாக இல்லாமல் அன்பியம் வாரியாக வாங்கினார்கள், ரசீது எல்லாருக்கும் ஒரே நிறம். முதல் வருடம் ஊர்த்தெருவில் கணிசமான வீடுகள் கொடுக்கவில்லை. சீரியல் விளக்கு குறைந்தது, நாடகம் நின்றது. கொடியேற்றமும் நவநாளும் நடந்தன. அடுத்த வருடம் ஒவ்வொருவராக வந்து கொடுத்துவிட்டார்கள். கணக்கைப் பூசை முடிந்ததும் கோவிலில் நின்று வாசிக்கிறார்கள். தேர் இன்னும் பழைய மூன்று தெருக்களில்தான் போகிறது. ஆனால் போன தடவை கணக்கு வாசித்தபோது, காலனி அன்பியப் பொறுப்பாளர் எழுந்து, தேருக்குப் பூ வாங்கிய செலவில் எங்கள் பணம் எவ்வளவு என்று கேட்டார். வாசித்தவர் நோட்டைப் புரட்டி, தொகையைச் சொன்னார். அப்படியென்றால் தேர்ப்பாதையைப் பற்றி அடுத்த பங்குப் பேரவைக் கூட்டத்தில் பேச வேண்டும் என்று அவர் சொல்ல, செயலர் அதைப் பொருள் நிரலில் எழுதிக்கொண்டார்.